செக்: ஒரே சொல்லா, ஒன்பது சொற்களா?

சொல்லாடி:
சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பது செக். வங்கியில் போடுவது செக். கட்டம் போட்ட துணி செக். கணக்கைச் சரிபார்த்தால் செக், குறுக்கே நின்று தடுத்தாலும் செக். அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லும் செக், படிவத்தில் போடும் சரிக்குறியும் செக். போதாததற்கு விமான நிலையத்தில் செக்-இன். பணம் எடுக்கும் செக்கை மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் சி-கே போடாமல் க்யூ-யூ-இ போட்டு எழுதுகிறார்கள்.

இவை ஒரே சொல்லின் கிளைகளா, தற்செயலாக ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்த வேறு வேறு சொற்களா? "ராஜாவிடமிருந்து வந்தது" என்று ஒரு வரியில் முடிக்காமல் வழியைக் காட்டினால் நல்லது.

வேர்ச்சொல்:
ஒரே சொல்தான். நீங்கள் அடுக்கிய எல்லாமே பாரசீகத்தின் ‘ஷாஹ்’, அதாவது அரசன். வழியைக் கேட்டீர்கள், ஒலியிலிருந்து தொடங்குவோம்.

ஆட்டம் பாரசீகத்திலிருந்து அரபிக்குப் போனபோது ‘ஷாஹ்’ அப்படியே போனது. எதிராளியின் அரசனைத் தாக்கும்போது "ஷாஹ்!" என்று எச்சரிப்பது வழக்கம். அரபியிலிருந்து இடைக்கால லத்தீனுக்கு வந்தபோது இரண்டு ஒலிகள் மாறின. ‘ஷ’வுக்கு லத்தீனில் எழுத்தில்லை, அதனால் ‘ஸ்க’ என்று எழுதினார்கள். கடைசி ‘ஹ்’ வன்மைப்பட்டு ‘க்’ ஆனது. ஷாஹ் இப்படித்தான் ‘ஸ்காக்குஸ்’ ஆயிற்று.

அடுத்தது பழைய பிரெஞ்சு. அங்கே இரண்டு விதிகள் வேலை செய்தன. சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ஸை அடுத்து மெய் வந்தால் முன்னால் ஓர் ‘எ’ ஒட்டிக்கொள்ளும்: லத்தீன் ‘ஸ்கோலா’ பிரெஞ்சில் ‘எஸ்கோல்’ ஆனதைப் போல. ‘க’ என்ற அசை ‘ச்ச’ ஆகும்: ‘கத்துஸ்’ (பூனை) ‘ஷா’ ஆனதும், ‘கபால்லுஸ்’ (குதிரை) ‘ஷெவால்’ ஆனதும் இதே விதிப்படி. இரண்டையும் பொருத்தினால் ஸ்காக்குஸ் → எஸ்செக். அதன் பன்மை ‘எஸ்செஸ்’. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி, அழுத்தமில்லாத முதல் அசையை உதறியது. ஒருமை ‘செக்’ ஆயிற்று, பன்மை ‘செஸ்’ ஆயிற்று. ஆட்டத்தின் ஆங்கிலப் பெயருக்கே "அரசர்கள்" என்றுதான் பொருள். ‘சதுரங்க’ என்ற பெயர் ஐரோப்பாவில் பிழைத்தது ஸ்பானிய ‘அஹெத்ரெஸ்’ போன்ற ஒன்றிரண்டில்தான், அதுவும் அரபி ‘ஷத்ரஞ்ச்’ வழியாக.

பொருள்கள் கிளைத்த வரிசை, ஆங்கிலத்துக்குள் மட்டும்:

சுமார் 1300: சதுரங்கத் தாக்கு.
14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: திடீர்த் தடை, கட்டுப்படுத்தல். செக் வைத்தால் எதிராளி மற்ற வேலையை விட்டுவிட்டு அரசனைத்தான் பார்க்கவேண்டும், அதிலிருந்து வந்த பொருள்.
17ஆம் நூற்றாண்டின் இறுதி: சரிபார்த்தல். தவறையோ மோசடியையோ "தடுக்க" ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுதல்.
1706: அடிக்கட்டை. ஆவணம் திருத்தப்பட்டதா என்று ஒப்பிட வைத்துக்கொள்ளும் துண்டு.
18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: அடிக்கட்டை உள்ள பணப்பத்திரம், அதாவது நம் வங்கிச் செக்.

பில், சாமான் டோக்கன், சரிக்குறி எல்லாம் அமெரிக்காவில் வளர்ந்தவை, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். டோக்கனும் ஒப்பிட்டுப் பார்க்கத்தானே.

கட்டம் போட்ட துணி மட்டும் வேறு கிளை. அது ‘செக்கர்’ என்பதன் சுருக்கம், ‘செக்கர்’ என்றால் சதுரங்கப் பலகை. வேர் அதே ஷாஹ், வழி வேறு.

குதிரைநடை:
செக்மேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஷாஹ் மாத்" என்பதை "அரசன் இறந்தான்" என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான், சரி. ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் வழியற்றுத் திகைத்து நிற்பவன். ஆட்ட விதியைப் பார்த்தாலே எது பொருந்துகிறது என்று தெரியும். மற்ற காய்களை வெட்டிப் பலகையிலிருந்து எடுக்கிறோம், அரசனை எடுப்பதே இல்லை. தப்ப வழியில்லாமல் கட்டத்திலேயே நிற்கிறான், ஆட்டம் முடிகிறது.

கூடவே ஒன்று: உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிகளில் செக் வைக்கும்போது வாயால் சொல்லவேண்டும் என்று எதுவும் இல்லை. இந்தச் சொல்லைப் பிறப்பித்த வழக்கம் போட்டி அரங்குகளில் காணாமல் போய்விட்டது.

பேரேடு:
வேர்ச்சொல் ஐயா ஒரு கண்ணியைத் தாண்டிப் போய்விட்டார். செக்கின் எழுத்தில் க்யூ எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இங்கிலாந்தின் கருவூலத்தில் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்த இடத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். ‘எஸ்செக்கியே’ என்றால் பிரெஞ்சில் சதுரங்கப் பலகை. ஆங்கிலப் பெயரின் தொடக்கத்திலுள்ள ‘எக்ஸ்’ பிழையாக நுழைந்தது. லத்தீன் முன்னொட்டு ‘எக்ஸ்’ என்று எண்ணி எழுத்தர்கள் திணித்தது அது.

ஏன் அந்தப் பெயர்? அந்த அலுவலகம் நடந்த முறையை அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கி விரிவாகப் பதிந்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள மேசை. காசுகள் உருண்டு விழாதபடி நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கறுப்புத் துணி, அதில் ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு இடையில் வலமிருந்து இடமாக ஏழு பத்திகள்: பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், பத்தாயிரம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாவட்ட அதிகாரி 1,263 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்ஸ் கட்டவேண்டும். அதை எண்ணுவதற்கான வட்ட வில்லைகளாக மேல்வரிசையில் வைக்கிறார்கள்: ஆயிரத்தில் 1, நூறில் 2, இருபதில் 3, பவுண்டில் 3, ஷில்லிங்கில் 7, பென்ஸில் 5. அவர் கொண்டுவந்தது 1,180 பவுண்டு. அதைக் கீழ்வரிசையில் வைக்கிறார்கள்: ஆயிரத்தில் 1, நூறில் 1, இருபதில் 4. இனி மேலும் கீழும் சமமாக எடுத்துவிட வேண்டியதுதான். ஆயிரம் இரண்டு பக்கமும் காலி. நூறில் மேலே 1 மிஞ்சும். இருபதில் மேலே 3, கீழே 4, போதவில்லை. மிஞ்சிய நூறை உடைத்து ஐந்து இருபதுகளாக்கினால் மேலே 8. நாலைக் கழித்தால் 4. பாக்கி 83 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்ஸ்.

எழுத்துத் தெரியாதவரும் எதிரே நின்று கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். ஏட்டில் ரோமன் எண்களில்தான் எழுதினார்கள். அவற்றில் இடமதிப்பு கிடையாது, ஆகவே பத்தி பிரித்துக் கழிக்க முடியாது. இடமதிப்பைத் துணியில் வரைந்துகொண்டார்கள்.

சதுரங்கத்தில் இரு அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் மாவட்ட அதிகாரியும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். அந்த எக்ஸ்செக்கர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட கடன்பத்திரம் எக்ஸ்செக்கர் பில். 1706இல் ‘செக்’ என்று குறிக்கப்படுவது அந்தவகைப் பத்திரங்களின் அடிக்கட்டைதான். எக்ஸ்செக்கரின் எழுத்தைப் பார்த்துத்தான் பிறகு செக்கிலும் க்யூ புகுந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அது நிலைத்தது, அமெரிக்கா பழைய சி-கேயிலேயே நின்றுவிட்டது. "அமெரிக்கர்கள் எழுத்தைச் சுருக்கிவிட்டார்கள்" என்பது தலைகீழான பேச்சு.

மணல்வெளி:
எல்லாம் சரி நண்பரே. ஆனால் வங்கிச் செக் அரபி ‘ஸக்க்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன். அது வெறும் கதையில்லை. ஸக்க் என்ற பணப்பத்திரம் நிஜமாகவே இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென் விளிம்பில் உள்ள அவ்தகுஸ்தில் 42,000 தீனாருக்கான ஸக்க் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பாரசீகத்தில் இதே சொல் ‘சக்’, ச்ச என்ற ஒலியோடு. செக்குக்கு இன்னும் நெருக்கம். ஐரோப்பா வங்கி என்ற ஒன்றை அறியுமுன் செக் இருந்திருக்கிறது. பிறகு ஏன் இந்தச் சுற்றுவழி?

வேர்ச்சொல்:
ஸக்க் இருந்தது, உண்மை. பாரசீக ‘சக்’தான் அரபியில் ஸக்க் ஆனது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டது. நடைமுறை அங்கே முந்தியது என்பதிலும் சண்டையில்லை. ஆனால் பொருளின் வயதும் பெயரின் வயதும் வேறு வேறு கேள்விகள். பெயருக்கு மட்டும் சான்று பார்ப்போம்.

பொருள்வரிசைதான் எனக்கு முதல் சான்று. ஸக்கிலிருந்து வந்திருந்தால் ஆங்கிலத்தில் முதலில் "பணம் கொடு என்னும் ஆணை" என்ற பொருள் வந்திருக்கவேண்டும். வந்ததோ அடிக்கட்டை. பணப்பத்திரத்துக்குப் பெயர் பரவியது அதன்பின். ஸக்கை வைத்து அடிக்கட்டையை விளக்கவே முடியாது, "சரிபார்த்தல்" என்பதை வைத்தால் அது தானாக விளங்கும்.

அடுத்தது இடைவழி. வங்கித்தொழிலின் சொற்கள் ஐரோப்பாவுக்குள் பெரும்பாலும் இத்தாலி வழியாகப் பரவின. இத்தாலியனில் செக்குக்குப் பெயர் ‘அஸ்ஸெஞ்ஞோ’, ஸக்கோடு தொடர்பே இல்லை. பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் மூன்றும் இந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்தவை. அதனால்தான் அந்த மொழிகளில் ஒரே அரசன் இரண்டு முறை நுழைந்திருக்கிறான். ஸ்பானியத்தில் சதுரங்கச் செக் ‘ஹாக்கே’, வங்கிச் செக் ‘செக்கே’. ஜெர்மனில் முறையே ‘ஷாஹ்’, ‘ஷெக்’. முதலாவது நேரே வந்தது, இரண்டாவது லண்டன் வழியாகச் சுற்றி வந்தது.

ஒலியையும் பாருங்கள். அரபியின் அந்தத் தடித்த ‘ஸ’ ஐரோப்பாவுக்குப் போனால் ஸகரமாகவோ ஸகரத்தை ஒட்டிய ஒலியாகவோதான் போகும்: ‘ஸுஃப்பா’ சோஃபா ஆனது, ‘ஸிஃப்ர்’ சைஃபர் ஆனது. செக் ஆகாது. பாரசீக ‘சக்’ வணிகர்கள் வழியாக நேரே ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாமே என்பீர்கள். அப்படியானாலும் அடிக்கட்டைச் சிக்கல் தீரவில்லை.

பேரேடு:
அடிக்கட்டை என்ற ஏற்பாடே காகிதத்துக்கு முந்தியது. எக்ஸ்செக்கரில் பணம் கட்டியதற்கு ரசீது மரக்குச்சி. குறுக்கே வெட்டுகள் போட்டு, பிறகு நீளவாக்கில் பிளப்பார்கள். வெட்டு இரண்டு துண்டிலும் பாதிப்பாதி விழும். வெட்டின் அகலம் தொகையைச் சொல்லும். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கையின் தடிமன், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியின் பருமன், ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிது. பென்னிக்கு மரம் சீவாமல் வெறும் கீறல்.

நீளத் துண்டு பணம் கட்டியவரிடம், குட்டைத் துண்டு கருவூலத்தில். யாராவது தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினால் மறுபாதியோடு சேர்த்ததும் அகப்படுவார். மர இழை ஓடும் விதம் குச்சிக்குக் குச்சி மாறும், அதனால் வேறு குச்சியைக் கொண்டுவந்து பொருத்தவும் வழியில்லை. குட்டைத் துண்டின் பெயர் ‘ஃபாயில்’. கவுண்டர்ஃபாயில் என்று நாம் சொல்வதில் அதே சொல்தான் இருக்கிறது.

இந்தக் குச்சி முறை 1826இல் ஒழிந்தது. மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலையில் போட்டு எரித்தபோதுதான் லண்டன் நாடாளுமன்றமே தீப்பிடித்து எரிந்தது.

மணல்வெளி:
அடிக்கட்டை வாதம் வலுவானது. ஸக்க் பற்றிய கட்டுரைகளில் 1706 சான்றை யாரும் பேசுவதில்லை.

உளிச்சத்தம்:
மரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். மரவேலையில் செக் என்றால் வெடிப்பு. அதுவும் இந்தச் சொல்தானா?

தெரியாதவர்களுக்காக: மூன்று வகைப் பிளவுகளைக் குழப்பக் கூடாது. செக் என்பது மரத்தின் ஆண்டு வளையங்களைக் குறுக்காக வெட்டும், மறுபக்கம் வரை போகாது. மறுபக்கம் எட்டிவிட்டால் அது ஸ்ப்ளிட். வளையத்தை ஒட்டியே வளைந்து போனால் ஷேக், அது மரம் நிற்கும்போதே உண்டாவது.

செக் விழுவது உலரும்போது. ஈரப்பதம் சுமார் 28–30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கத் தொடங்கும். வளையத்தின் திசையில் சுருங்குவது ஆரத்தின் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேற்பரப்பு முதலில் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈரமான பகுதி விடாது, இழுபறியில் ஆரக்கோடு வழியாக மேற்பரப்பு பிளக்கும். வெட்டுமுகத்தில்தான் அதிகம், ஈரம் அந்த வழியாக மிக வேகமாக வெளியேறும். அறுத்த அன்றே வெட்டுமுகத்தில் மெழுகோ கெட்டியான பெயின்டோ பூசினால் பெருமளவு தப்பிக்கலாம். வெடித்த பிறகு பூசிப் பயனில்லை.

வேர்ச்சொல்:
அகராதிகள் அதையும் இதே தலைச்சொல்லின் கீழ்தான் வைக்கின்றன. தனிச் சொல்லாக யாரும் பிரிக்கவில்லை.

வால்வு:
குழாய்வேலை செக் வால்வு கேட்கவே வேண்டாம், "தடுத்தல்" பொருள் நேராகவே இருக்கிறது. ஒரு பக்கம் ஓட விடும், திரும்ப விடாது. ஸ்விங் வகையைப் படுக்கைக் குழாயிலோ நீர் மேல்நோக்கிப் போகும் குழாயிலோதான் போடவேண்டும். கீழ்நோக்கிப் போகும் குழாயில் போட்டால் கதவு தன் எடையால் திறந்தே தொங்கும், எதையும் தடுக்காது.

மொழிபெயர்ப்பி:
ஒரே வேராக இருந்தாலும் மென்பொருளைத் தமிழாக்கும்போது இந்தச் சொல் உயிரை எடுக்கிறது. பொத்தானில் வெறும் ‘செக்’ என்று இருந்தால் ‘சரிபார்’ என்று போட்டுவிடுகிறார்கள். அதுவே பட்டியலுக்கு மேலே உள்ள ‘செக் ஆல்’ என்றால் ‘அனைத்தையும் சரிபார்’ என்று அபத்தமாக நிற்கும். அங்கே வேண்டியது ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ அல்லது ‘அனைத்திலும் குறியிடு’. கடைத்தளங்களில் ‘செக் அவுட்’ வந்தால் ‘பணம் செலுத்து’. அதையே நிரல் களஞ்சியத்தில் போட்டால் சிரிப்பார்கள், அங்கே அதன் பொருள் நிரலின் ஒரு பதிப்பை எடுத்துக்கொள்வது.

காரணம் கருவியில் இருக்கிறது. மென்பொருள் மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் கோப்புகளில் ஆங்கிலச் சரமே, அதாவது திரையில் தோன்றும் ஆங்கில வாசகமே, சாவி. ஒரே சரம் பத்து இடத்தில் வந்தாலும் ஒரே ஒரு தமிழாக்கம்தான் ஏறும். நிரலாளர் அந்தச் சரத்தோடு சூழல்குறிப்பும் சேர்த்தால்தான் இரண்டு உள்ளீடாகப் பிரியும். பிரியாத சரம் கண்ணில் பட்டால் தமிழை வளைத்துப் பொதுச்சொல் தேடாதீர்கள். மூலத் திட்டத்தில் வழுவாகப் பதிந்து சூழல் கேளுங்கள்.

சொல்லாடி:
அருமை. ஒரு பொதுக் கேள்வி. செக் ஒரே சொல் என்று நிறுவிவிட்டீர்கள். வேறொரு சொல்லை எடுத்துக்கொண்டால் அது ஒன்றா பலவா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

வேர்ச்சொல்:
முதலில் அகராதியில் தலைச்சொல்லின் தோளில் சிறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் போட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாக வைத்திருந்தால் பெரும்பாலும் வேறு வேர். ஆனால் சில அகராதிகள் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பிரிக்கவே எண் போடும், அதில் ஏமாறக் கூடாது. முன்னுரையில் விளக்கியிருப்பார்கள், ஒருவரும் வாசிப்பதில்லை.

பிறகு ஒவ்வொரு பொருளின் முதல் பதிவு ஆண்டையும் வரிசைப்படுத்துங்கள். பக்கத்துப் பக்கத்துப் பொருள்களுக்கிடையே தாண்டக்கூடிய இடைவெளிதானா என்று பாருங்கள். அரசனிலிருந்து வங்கிக்கு ஒரே தாவலில் போக முடியாது. தடை, சரிபார்ப்பு, அடிக்கட்டை என்று படிகள் இருந்தால் போகலாம். படி ஒன்று விடுபட்டாலே சந்தேகப்படவேண்டும். கடைசியாக உறவுமொழிகள். அங்கே இரண்டு சொல்லாக இருந்தால் இங்கேயும் ஒரு காலத்தில் இரண்டாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம், இடையில் கடன் வாங்கியதா என்று மட்டும் கவனிக்கவேண்டும். ஹாக்கே, செக்கே கதை அதுதான்.

‘சவுண்ட்’ என்ற சொல்லில் பரிசோதித்துப் பாருங்கள். ஓசை என்ற சவுண்ட் லத்தீன் ‘சோனுஸ்’, கடைசி ‘ட்’ ஆங்கிலேயர் வாயில் பின்னால் ஒட்டியது. நலமான, உறுதியான என்ற சவுண்ட் பழைய ஆங்கில ‘கெசுண்ட்’, ஜெர்மனில் இன்றும் ‘கெசுண்ட்’ என்றால் ஆரோக்கியமான. நீரிணை என்ற சவுண்ட் ஜெர்மானியச் சொல், நீந்துதலோடு தொடர்புடையது. கடலாழம் பார்த்தல் என்ற சவுண்ட் பிரெஞ்சு ‘சோந்தே’. எழுத்து ஒன்று, சொல் நாலு.

‘மேட்ச்’ இன்னொன்று. ஜோடி, போட்டி என்பது பழைய ஆங்கில ‘கெமெச்சா’, இணையானவர். தீக்குச்சி என்பது பழைய பிரெஞ்சு ‘மெய்ச்’, விளக்குத்திரி. திரியிலிருந்து வெடிமருந்துத் திரிக்குப் போய், ஜான் வாக்கர் 1827இல் உரசினால் பற்றும் குச்சியை விற்கத் தொடங்கிய பிறகு குச்சிக்கு வந்து சேர்ந்தது. குச்சியும் பெட்டியும் ஜோடி என்பதால் மேட்ச் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. ஆண்டு வரிசை பார்த்தால் ஒரு நிமிடத்தில் விழுந்துவிடும்.

சொல்லாடி:
‘ரெயின் செக்’ எந்தப் பொருளில்? செக்மேட்டில் உள்ள மேட்டும் நண்பன் மேட்டும்?

பேரேடு:
ரெயின் செக் அடிக்கட்டைக் குடும்பம். 1880களின் அமெரிக்க பேஸ்பால். மழையால் ஆட்டம் நின்றால், நுழைவுச்சீட்டின் கிழித்த பாதியைக் காட்டி வேறொரு நாள் ஆட்டத்துக்கு இலவசமாகப் போகலாம். "இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன்" என்ற பொருள் அதன்பின் வந்தது.

குதிரைநடை:
இரண்டு மேட்டும் வேறு வேறு. நண்பன் மேட் ஜெர்மானியச் சொல், ஒரே சோற்றைப் பகிர்பவன் என்று பொருள், இறைச்சி என்ற ‘மீட்’டோடு உறவு. செக்மேட்டின் மேட் பாரசீக மாத். ஸ்டேல்மேட்டில் இருப்பதும் மாத்தான், ஆனால் முன்னால் உள்ள ‘ஸ்டேல்’ பழைய பிரெஞ்சில் அசையாது நிற்றல். செக் இல்லை, நகர்த்தவும் காய் இல்லை, எனவே ஆட்டம் சமன். பாரசீகத்தில் அதற்கு வேறு சொல் உண்டு, ‘பாத்’.